பூ வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் பலர் அந்தப் பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓர் அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே சொடுக்கில் அணைத்து எழுப்பிவிடும் பொத்தான். முதன்முதலாக அதை அழுத்தும்போது உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். எனக்கும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்டேட் போடுவது எப்படி என்று நான் விளக்கப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததை இன்டர்நெட் சொல்லிவிடும். எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள் மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்ததை, எங்கள் பிள்ளைகள் ஹெட்போனில் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பேர். மேஜைக்கு அடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். "வீட்ல ஒருத்தரும் நாம சொல்லிப் பேச்சை நிறுத்த மாட்டேங்கிறாக. இந்த மனுசனாவது நிறுத்துறாரே" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

நாற்பது கம்ப்யூட்டர்களுக்கும் நான் ஒருவன்தான். என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'சிஸ்டம் அண்ணே' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அங்கே போன புதிதில் எனக்கு ஒரே தலைவலி. அப்டேட் போட்ட பிறகு 'இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகா?' என்று திரையில் பெட்டி வந்தால், எல்லார் கையும் தானாகப் 'பிறகு' மேல் போய்விடும். கண்கூடப் பார்க்காது. சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். ஹாலில் எல்லாருக்கும் மூத்தவர் சுலோச்சனா. புரியாத சொல் வந்தால் மற்றவர்கள் இடம் விட்டுவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து கேட்டு நிரப்பிக் கொடுப்பார். சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய அத்தை மகளும் அங்கேதான் வேலை பார்த்தார். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் இருவரும் தமிழை விட்டுத் தங்கள் வீட்டு மொழிக்கு மாறினால், என் தலைதான் உருளுகிறது என்று புரிந்துகொள்வேன். ஒருநாள் அவரிடம் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, சேவ் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நின்னா என்ன குறைஞ்சு போகும்?"

"சேவ் பண்ணுனாப் போயிரும்ணே."

"எங்க போயிரும்?"

"அமெரிக்காவுக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மென்பொருளில் சேவ் பண்ணுவதும் அனுப்புவதும் ஒன்று. பாதியில் வைத்துக்கொள்ள வழியே கிடையாது. சேவ் அழுத்தினால் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு அறிக்கை கிளம்பிவிடும், அதன் பிறகு யார் நினைத்தாலும் திறக்க முடியாது. அதனால் ஒரு சொல் புரியாவிட்டால்கூட, சுலோச்சனா வரும்வரை அதைத் திறந்தபடியே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் முடிக்காத வேலை இரண்டு மூன்று நிற்கும். அந்த நேரத்தில் மெஷினை அணைத்தால் அத்தனையும் காற்றோடு போய்விடும். ஆக, அந்தப் 'பிறகு' பொத்தானை அழுத்தியதில் சோம்பல் எங்கே இருந்தது? தங்கள் வேலையை அவர்கள் கையால் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எந்த மெஷினைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆள் சீட்டில் இல்லாதபோது திரை பூட்டிக்கொள்ளும். எட்டிப் பார்க்கவும் முடியாது, பார்க்கவும் கூடாது, நோயாளிகளின் அந்தரங்கம். அதே காரணத்துக்காக ஹாலுக்குள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் அனுமதி இல்லை. 'தொடாதே' என்று எழுதி ஒட்டவும் வழியில்லை. ஒரு மத்தியானம் சுலோச்சனா சாப்பிடப் போகும்போது, தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு கண்ணியைக் கிள்ளி மானிட்டர் மேல் வைத்தார்.

"இது இருக்குற வரைக்கும் கிட்ட வராதீங்க. நானே வந்து எடுப்பேன். அதுக்கப்புறம் என்னமும் பண்ணிக்கங்க."

ஒரே வாரத்தில் ஹால் முழுக்க அது பழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்து மானிட்டர் டி.வி. பெட்டி போலப் பருமனாக இருக்கும், பூ வைக்க நல்ல இடம். பையன்கள் பக்கத்துச் சீட்டில் பூ இரவல் கேட்டார்கள். அதனால் எழுந்த கிண்டலும், நடந்த ஒன்றிரண்டு கல்யாணமும் தனிக் கதை. ஈரப் பூவை வைக்காதீர்கள் என்று மட்டும் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள், பெருக்க வந்த அம்மா வாடிய பூ என்று ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். பூ இல்லையே என்று நான் அந்த மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். வாடிப்பட்டியிலிருந்து வரும் பிள்ளை ஒன்று, காலையிலிருந்து அடித்ததெல்லாம் போய் மேஜையில் கவிழ்ந்து அழுதது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். வைத்த கைதான் எடுக்க வேண்டும். எடுக்கும் முன் பூட்டைத் திறந்து திரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறு யாரும், நான் உட்பட, பூவைத் தொடக் கூடாது.

நான் ஹாலைச் சுற்றி வருவேன். பூ இல்லாத மெஷினாகப் பார்த்து ஒவ்வொன்றாக அணைத்து எழுப்புவேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒருவருக்கும் ஒரு வரிகூடப் போகாது.

அப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு புழு கிளம்பியது. கம்ப்யூட்டர் புழு. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. இன்டர்நெட் வயர் மாட்டியிருந்தால் போதும், அதுவாக உள்ளே வரும், மெஷின் தானாக அணைந்து அணைந்து எழும். எங்கள் சென்னைத் தலைமை அலுவலகம் அதில் சிக்கி ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டது. மதுரையிலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அங்கிருந்து விவேக் என்ற இன்ஜினீயரை அனுப்பிவைத்தார்கள். இன்று ஷிப்ட் முடிவதற்குள் எல்லா மெஷினிலும் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும், கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கட்டாயமாகச் செய் என்று உத்தரவு.

விவேக்கைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான பையன். முந்தைய நாள் அவன் கண் முன்னாலேயே வரிசை வரிசையாக மெஷின்கள் விழுந்திருக்கின்றன. அந்தப் பயம் முகத்தில் அப்படியே இருந்தது. ஹாலுக்குள் வந்ததும் மானிட்டர்களைப் பார்த்தான்.

"என்னண்ணா, பூ எல்லாம்? இன்னிக்கு ஏதாவது பூஜையா?"

"இல்ல தம்பி. பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்லையா, அது மாதிரி."

விளக்கிச் சொன்னேன். சிரித்தான், ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. "ஒரு மெஷின் மிச்சமிருந்தாலும் ஆபத்துண்ணா. ஒண்ணுல இருந்து நாப்பதுக்கும் பரவிடும்."

அவன் சொன்னது சரிதான். அப்டேட் உள்ளே போனாலும் ரீஸ்டார்ட் ஆகும்வரை அது வேலை செய்யாது. 'சாயங்காலம் வரை நேரம் கொடு, ஒவ்வொருவராக முடிக்க முடிக்க நான் அணைக்கிறேன்' என்று கேட்டேன். அரை மனதாக ஒப்புக்கொண்டான்.

மற்ற மெஷின்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் ஒரே ஒரு சீட்டைப் பற்றித்தான். அங்கே முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தார்.

முத்துலட்சுமி பேரையூரிலிருந்து தினமும் வருபவர். பயிற்சியில் இருந்தார். அவர் கணவர் கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டோடு இருந்தார். குடும்பம் இவர் ஒருவரின் கையை நம்பி நின்றது. வேகம் கம்மி, ஆனால் விடாப்பிடியான ஆள். அன்றைக்குத்தான் அவருக்குத் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அன்றோடு கணக்கு முடிந்தது. தேர்வு என்பது இரண்டு பதிவுகள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது, வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசுகிற ஒரு டாக்டர் பேசியது. இரண்டையும் அன்றே, அதே மெஷினிலிருந்து, யார் உதவியும் இல்லாமல் தன் கையால் அடித்து அனுப்ப வேண்டும். திருத்துபவர்கள் சென்னையில் இருந்தார்கள். காலையிலேயே சின்னதை அடித்து, ஒரு மருந்தின் பேர் மட்டும் பிடிபடாமல் திறந்தபடி விட்டுவிட்டு, பெரியதில் இறங்கியிருந்தார். மானிட்டர் மேல் பூ இருந்தது.

சென்னைக்குப் போன் போட்டு, தேர்வை நாளைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவுக்காக ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தாயிற்று, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது தள்ளிவைத்ததை அவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நான் போய் முத்துலட்சுமியின் மெஷினிலிருந்து நெட்வொர்க் வயரை உருவினேன். அவர் பதறித் திரும்பினார்.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க?"

"ஒண்ணும் ஆகாது. டாக்டர் பேசுனது முழுக்க உங்க மெஷினுக்குள்ள வந்துருச்சு. வயரு இல்லாமலே அடிக்கலாம். வயரு இல்லன்னா புழுவும் வராது. நீங்க உங்க பாட்டுக்கு அடிங்க."

"அனுப்ப வேணாமாண்ணே?"

"அனுப்புறப்பப் பாத்துக்குவோம்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அனுப்பும்போது என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியாது. நெருக்கடியில் எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் இரண்டாவதை யோசிக்க நேரம் கிடைக்கும்.

மத்தியானம் தாண்டியது. ஒவ்வொரு பூவாக எடுபட்டது. விவேக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அணைத்து எழுப்பிக்கொண்டே வந்தோம். சுலோச்சனா ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு ஓடி ஓடி மற்ற எல்லாருடைய விட்டுப்போன சொற்களையும் நிரப்பினார். கடைசியில் முத்துலட்சுமியின் மெஷின் மட்டும்தான் மிச்சம். ஷிப்ட் முடியப் போகும் நேரத்தில் அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"பெருசு முடிஞ்சிருச்சுண்ணே."

இப்போதுதான் சிக்கல். அனுப்ப வேண்டுமானால் வயரைச் சொருக வேண்டும். பத்திரமாகச் சொருக வேண்டுமானால் முதலில் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் அடித்தது போய்விடும். வேறு மெஷினுக்கு எடுத்துப் போகவும் அந்த மென்பொருள் விடாது.

"வேண்டாம்ணா," என்றான் விவேக். "ஒருத்தருக்காக நாப்பது மெஷினையும் பணயம் வைக்க முடியாது."

காலையில் அவன் இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருந்தது.

"தம்பி, மத்ததெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? இனிமே இதுக்குள்ள புழு வந்தாலும் அதுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

யோசித்தான். "ஆகாது."

"அப்பப் பணயம் வைக்கிறது யாரு?"

விவேக் முத்துலட்சுமியைப் பார்த்தான். அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது இதுதான். ஆபத்து யாருக்கு என்று முதலில் பாருங்கள். எல்லாருக்கும் என்றால் நீங்கள் முடிவெடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால், அவரைக் கேட்காமல் முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை.

நான் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "வயரைச் சொருகி அனுப்புற நேரத்துல புழு வந்தா, மெஷின் அணைஞ்சு எல்லாம் போயிரும். வராமலும் போகலாம். அது வேணாம்னா, இப்பவே அணைச்சு எழுப்பித் தாரேன், முதல்ல இருந்து அடிக்கணும்."

"முதல்ல இருந்து அடிக்க இன்னைக்குப் பொழுது இருக்காண்ணே?"

"இல்ல."

"அப்பறம் என்னத்த யோசிக்க? சொருகுங்க."

சொருகினேன். திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அன்றைய இன்டர்நெட் வேகம் உங்களுக்குத் தெரியாது. கோயில் தேர் கூட அதைவிட வேகமாக நிலைக்கு வந்துவிடும். ஹாலே எழுந்து பின்னால் நின்றது. சுலோச்சனாவும் அத்தை மகளும் தங்கள் மொழியில் முணுமுணுத்தது நிச்சயம் என்னைப் பற்றி இல்லை, ஏதோ சாமியிடம். முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டார். கோடு முழுதாக நிரம்பி, 'அனுப்பப்பட்டது' என்று வந்ததும் விவேக் பாய்ந்து வயரை உருவினான். கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. ஷிப்ட் முடிந்து திருமங்கலம் பக்கம் போகிறவர்களை ஏற்றிப்போகும் வேன். அதைவிட்டால் அங்கே பேரையூர் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பூட்டிவிட்டு, பையை அள்ளிக்கொண்டு ஓடினார்.

"அப்பாடா," என்று சொல்லிக்கொண்டே விவேக் அந்த மெஷினின் ரீஸ்டார்ட் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"தம்பி, பூ."

பூ மானிட்டர் மேலேயே இருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. காலையிலிருந்து சாப்பிடாத பையன். "அண்ணா, ஃபைல் போயிடுச்சு. நாம எல்லாரும் பாத்தோம். இது ஒண்ணுதான் பாக்கி. சென்னையில போன்ல காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் பேச்சில் எந்தத் தப்பும் இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்பது, அவசரம் இல்லாத நாளுக்காகப் போட்ட சட்டம் இல்லையே. அவசரமில்லாத நாளில் யார்தான் கேட்க மாட்டார்கள்? நான் படியிறங்கி ஓடினேன். வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தட்டி நிறுத்தினேன்.

முத்துலட்சுமி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னண்ணே?"

"பூவை எடுக்காம வந்துட்டீங்கம்மா."

வேன் முழுக்கச் சிரிப்பு. "ஒரு கண்ணிப் பூவுக்கா அண்ணே இம்புட்டு ஓட்டம்!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நீங்களே எடுத்துப் போட்டுருங்கண்ணே. பஸ்ஸு போயிரும்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவரே எடுக்கச் சொல்லிவிட்டார், திரும்பிப் போயிருக்கலாம். ஏனோ மனசு கேட்கவில்லை. "வந்து ஒருக்கா திரையைப் பாத்துட்டு எடுத்துருங்கம்மா. ரெண்டு நிமிஷம்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். டிரைவர் வாய்க்குள் என்னைத் திட்டினார். முத்துலட்சுமி விறுவிறுவென்று படியேறினார். சீட்டுக்குப் போய், நின்றபடியே ஒரு கையால் பூட்டைத் திறந்து, மறு கையை மானிட்டர் மேல் கொண்டுபோனார். கை பூவின் மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணே," என்றார். திரையைக் காட்டினார். "சின்னது."

காலையில் ஒரே ஒரு சொல்லுக்காகத் திறந்து விட்டிருந்த அந்தச் சின்னப் பதிவு, திரையின் அடியில் ஒதுங்கிக் கிடந்தது. பெரியது போன சந்தோஷத்தில் அவருக்கு அது அடியோடு மறந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் ஞாபகம் இருந்ததா என்ன? இரண்டு பதிவு என்று எனக்கும் தெரியும், விவேக்குக்கும் சொல்லியிருந்தேன். இரண்டில் ஒன்று அனுப்பாவிட்டால் தேர்வே எழுதாத மாதிரிதான்.

விவேக் குனிந்து, அவனே வயரைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றான். முத்துலட்சுமி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். பெடலை ஒருமுறை மிதித்தார். இன்னொரு முறை. காலையில் எத்தனையோ தடவை கேட்டும் பிடிபடாத அந்த மருந்தின் பேர் இப்போது எப்படிப் பிடிபட்டதோ, விரல்கள் தாமாக அடித்தன. விவேக்கைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் சொருகினான். சின்னது என்பதால் சீக்கிரமே போய்விட்டது.

முத்துலட்சுமி எழுந்து, திரையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, மானிட்டர் சூட்டில் வதங்கிப்போயிருந்த அந்தக் கண்ணியை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டார்.

"இப்ப அமத்துங்கண்ணே. நான் போறேன்."

திருமங்கலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்தாராம். மறுநாள் அதற்கும் என்னைத்தான் திட்டினார், சிரித்துக்கொண்டே. அந்த வாரமே சென்னையிலிருந்து தகவல் வந்தது. தேறிவிட்டார். சுலோச்சனா ஓய்வு பெற்ற பிறகு அவர் சீட்டில் உட்கார்ந்து எல்லாருடைய விட்டுப்போன சொற்களையும் நிரப்பிக் கொடுத்தவர் முத்துலட்சுமிதான்.

பிற்பாடு அந்த மென்பொருளில் பாதியில் வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. மானிட்டர்கள் தட்டையாகி, மேலே பூ வைக்க இடமில்லாமல் போனது. எந்த மெஷினை எந்த நேரத்தில் அணைக்கலாம் என்று அட்டவணை போடும் வசதியும் வந்துவிட்டது. அதையெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நீங்கள் போகிற இடத்திலும் பூட்டிய திரைக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய முடியாத வேலை நிற்கும். அது உங்கள் திரையில் தெரியாது. எழுந்து போய்க் கேட்டால்தான் தெரியும்.

விவேக் சென்னையில் பெரிய பதவிக்குப் போனான். எல்லா ஊர்க் கிளைகளுக்கும் அந்தப் பொத்தான் அவன் கையில்தான் இருந்தது. நான் ஓய்வு பெறும்வரை, மதுரைக்கு எதை அனுப்புவதாக இருந்தாலும் முதலில் எனக்குப் போன் செய்வான். நலம் விசாரிப்பு எல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் கேட்பது ஒன்றே ஒன்று:

"அண்ணா, பூவெல்லாம் எடுத்தாச்சா?"